பெயர் தெரிந்தால் பயம் பிறக்கும்!

மக்கள் மன்றத்திலே முழங்குவது ஒன்று. சட்டமன்றத்திலே கை தூக்குவது வேறொன்று! இந்த வித்தையில் வல்லவர்கள் எந்த நாட்டிலும் உண்டு. வித்தை பலித்திட ஒரு வசதி தேவை: எவர் எப்படி ஓட்டளித்தார் என்பது ஊருக்குத் தெரியக்கூடாது. தெரிந்துவிட்டால்? அமெரிக்காவிலே நடந்ததை எடுத்துக் காட்டுகிறோம்.

ஒலியினும் விரைந்து பறக்கும் பயணி விமானம் கட்டிட, 1963-இல் அதிபர் கென்னடி திட்டம் அறிவித்தார். வானத்திலே விமானம், தரையிலே இடி! 1964-இல் ஓக்லகோமா நகரின்மீது ஆறு திங்கள், நாளொன்றுக்கு எட்டு முறை, விமானங்களைப் பறக்கவிட்டுச் சோதித்தனர். சன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, புகார்கள் குவிந்தன. சீமான்கள் சிலர் பறந்திட, சாமான்யர் வீடு அதிர்வதா?

1967-இல் வில்லியம் ஷர்கிளிஃப் என்ற இயற்பியல் அறிஞர், இதை எதிர்த்துக் குடிமக்கள் சங்கம் அமைத்தார். அவர்களிடம் பணமூட்டை இல்லை. கடிதமும் விளம்பரமுமே படைக்கலம். 1970 ஏப்ரல் 22-இல், பூமி நாளன்று, சுமார் 2 கோடி மக்கள் சுற்றுச்சூழல் காத்திடத் திரண்டனர். ஆயினும் அவ்வாண்டு பிரதிநிதிகள் சபை விமானத்துக்குப் பணம் தரவே இசைந்தது!

எப்படி முடிந்தது? திருத்தங்கள்மீது ஓட்டெடுக்கையில் உறுப்பினர்கள் வரிசையாக நடந்து செல்வர்; தலைகள் எண்ணப்படும்; பெயர்கள் எழுதப்படா. ஊரிலே ஒரு பேச்சு, உள்ளே ஒரு நடை, சாட்சி இல்லை!

இரண்டு மாறுதல்கள் நேர்ந்தன. சுற்றுச்சூழல் இளைஞர்கள், 'அழுக்குப் பன்னிருவர்' என்று 12 உறுப்பினர்களைப் பட்டியலிட்டு, 1970 தேர்தலில் எதிர்த்து வேலை செய்தனர். 7 பேர் தோற்றனர். மற்றொன்று, சபை விதி திருத்தப்பட்டது. 1971 முதல் அத்தகைய ஓட்டுகளிலும் பெயர் பதிவாகும் வழி பிறந்தது.

1971 மார்ச்சில் விமானம் மீண்டும் சபைக்கு வந்தது. இம்முறை பெயர்கள் பதிவாயின. பிரதிநிதிகள் சபை பணம் மறுத்தது. செனட்டும் 51-க்கு 46 என மறுத்தது. திட்டம் மடிந்தது!

செலவு மிகுதி என்று எதிர்த்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், மறைவிலே இசைந்த சபை வெளிச்சத்திலே மறுத்ததே, அது எதைக் காட்டுகிறது?

ஊர்வலம் ஒரு நாளில் கலைந்துவிடும், பதிவேடு கலையாது. காற்றையும் நீரையும் காத்திட நினைப்போர் கூட்டம் கூட்டட்டும், கொடி பிடிக்கட்டும். அத்துடன், "எம் உறுப்பினர் எந்தப் பக்கம் ஓட்டளித்தார்?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்வி காதிலே ஒலிக்கும் வரையிலேதான் அவர் கை நேர்மையாக உயரும்!