தண்டவாளம் ஜொகூர் பாருவை எட்டியது. தாமான் வாசலுக்கு எப்போது?

கடந்த 2025 டிசம்பரில் ஈடிஎஸ் மின்சார ரயில் ஜொகூர் பாரு சென்ட்ரல் நிலையத்தைச் சென்றடைந்தது. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான 192 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளப் பணி நிறைவடைந்ததால், வடக்கே பாடாங் பெசாரிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை மேற்குக்கரை நெடுகிலும் இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. கிம்மாசில் இறங்கி டீசல் ரயிலுக்கு மாறி, அரை நாளைத் தொலைத்த பயணிகளுக்கு இது பெரிய விடுதலைதான்.

ஆனால் இதே நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் 8 லட்சத்து 16 ஆயிரத்துக்கும் அதிகமான புதிய வாகனங்கள் விற்பனையாகின. அதற்கு முன் எந்த ஆண்டிலும் இவ்வளவு விற்றதில்லை. பதிவு பெற்ற வாகனங்களின் மொத்த எண்ணிக்கை 3 கோடியே 60 லட்சத்தைத் தாண்டி, மக்கள் தொகையையே மிஞ்சிவிட்டது. மோட்டார் சைக்கிள்களும் ஓடாமல் கிடக்கும் பழைய வண்டிகளும் அந்தக் கணக்கில் அடங்கும் என்றாலும், மலேசியர்கள் எதை நம்பி வாழ்கிறார்கள் என்பது தெளிவு.

ரயிலுக்குக் கோடிக்கணக்கில் செலவு செய்வது சரியா, அல்லது சாலைகளை விரிவாக்கிக் காரையே நம்பியிருப்பதா என்ற விவாதம் ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்தின்போதும் தலைதூக்குகிறது. தோட்டத்திலிருந்து தாமானுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்த இந்தியக் குடும்பங்களுக்கு இந்த விவாதம் மாதச் சம்பளத்தையும் வீட்டுப் பிள்ளைகளின் உயிரையும் தொடும் விஷயம்.

ரயிலை ஒட்டி வளர்ந்த சமூகம்

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. இன்று கோல செபெத்தாங் என்று அழைக்கப்படும் அந்தத் துறைமுகத்திற்கு ஈயத்தைக் கொண்டுசெல்ல, சுமார் 13 கிலோமீட்டர் தூரத்துக்குப் போடப்பட்ட பாதை அது. பின்னர் பாதைகள் நீண்டபோது, தண்டவாளம் போடவும் பராமரிக்கவும் தென்னிந்தியத் தொழிலாளர்கள் வந்தார்கள். நிலைய அதிகாரிகளாகவும் குமாஸ்தாக்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் ஆகிய பகுதிகளில் தமிழர்கள் நிலைகொண்டதற்கு ரயில்வே குடியிருப்புகளும் பட்டறைகளும் முக்கியக் காரணம்.

ரப்பர் வந்தபோது, தண்டவாளத்தை ஒட்டிய நிலங்களில்தான் தோட்டங்கள் விரைந்து பெருகின. ரப்பர்ப் பாலும் ஷீட்டும் ரயிலேறித் துறைமுகம் போயின. தோட்ட மக்களும் அதே ரயிலில் பட்டணம் போய் வந்தார்கள். தண்டவாளம் அவர்கள் வேலை செய்த இடத்தின் அருகிலேயே இருந்தது.

அந்த வலைப்பின்னல் பிறகு சுருங்கியது. தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் இந்தானுக்குப் போன கிளைப்பாதையிலும், சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்குப் போன பாதையிலும் இன்று பயணி ரயில் இல்லை. எல்லாவற்றுக்கும் முதலான தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதையும் இல்லை.

கார் கட்டாயமான கதை

1985-இல் புரோட்டோன் சாகா சாலைக்கு வந்தது. 1994-இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. சொந்தக் கார் என்பது நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது.

இந்தக் காலகட்டத்தில்தான் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறின. லயத்து வீட்டில் இருந்தவரை வேலைக்கு நடந்தே போகலாம். பள்ளியும் கோயிலும் மருந்தகமும் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறியபோது வேலை ஒரு பக்கம், தமிழ்ப்பள்ளி ஒரு பக்கம், மருத்துவமனை இன்னொரு பக்கம் என்று சிதறிப்போயின. விலை குறைந்த வீடுகள் பெரும்பாலும் பட்டணத்தின் ஓரத்தில், பேருந்து எட்டாத இடங்களில் கட்டப்பட்டன. கார் வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள். முடியாதவர்கள் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள். அப்போது அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

ஒன்பது ஆண்டுக் கடன்

இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சந்தையில் மிக மலிவான உள்நாட்டுக் கார்களில் ஒன்றான பெரோடுவா ஆக்சியாவின் அடிப்படை ரகம் 22,000 ரிங்கிட் விலையில் அறிமுகமானது. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, மீதியை ஆண்டுக்கு 3.5 விழுக்காட்டு வட்டியில் ஒன்பது ஆண்டுக் கடனாக எடுத்தால், மாதத் தவணை ஏறக்குறைய 240 ரிங்கிட். வட்டி மட்டும் 6,200 ரிங்கிட்டைத் தாண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். இபிஎஃப் பிடித்தம் போனால் கைக்கு வருவது 1,500 ரிங்கிட்டுக்குச் சற்று அதிகம். அதில் ஆறில் ஒரு பங்கு தவணைக்கே போகிறது. பெட்ரோல், காப்புறுதி, டோல், டயர், பட்டறைச் செலவு எல்லாம் அதற்கு மேல். கணவன் ஒரு தொழிற்சாலையிலும் மனைவி இன்னொரு இடத்திலும் வேலை செய்தால், வீட்டுக்கு இரண்டு வண்டிகள் தேவைப்படுகின்றன.

பெட்ரோல் உதவித்தொகையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் தொடங்கியபோது, தகுதி பெற்ற மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட், உதவித்தொகை இல்லாத விலை 2.60 ரிங்கிட், மாத வரம்பு 300 லிட்டர். வரம்பு முழுவதையும் பயன்படுத்துபவருக்கு மாதம் 183 ரிங்கிட் சலுகை கிடைத்தது. வாகன உரிமம் இல்லாத மூதாட்டிக்கும் வண்டி இல்லாத இளைஞருக்கும் இதில் எதுவும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் எம்ஆர்டி, எல்ஆர்டி, ரேபிட் கேஎல் பேருந்துகளில் 30 நாள் பயணம் செய்ய உதவும் மை50 அட்டையின் விலை 50 ரிங்கிட். மாநிலத் தலைநகரங்களுக்கு வெளியே பல இடங்களில் அட்டையைக் காட்டி ஏறப் போதிய பேருந்தே இல்லை.

பணத்தைவிடப் பெரிய இழப்பு உயிர். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். விடியற்காலை ஷிப்டுக்கும் இரவு உணவு விநியோகத்துக்கும் மழையில் நனைந்துகொண்டு போகும் இளைஞர்களில் பலருக்கு மோட்டார் சைக்கிளைத் தவிர வேறு போக்குவரத்து இல்லை. பொதுப் போக்குவரத்து பற்றிய விவாதத்தில் இந்த மரணங்களும் கணக்கில் வர வேண்டும்.

காரை விட முடியாது என்பவர்களின் வாதம்

மறுபக்க வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. ரயில் திட்டங்களின் செலவு மலைக்க வைப்பது. கிழக்குக்கரை ரயில் திட்டத்துக்கு மட்டும் 7,496 கோடி ரிங்கிட். அந்தப் பணத்தில் எத்தனை பேருந்துகள் வாங்கலாம், எத்தனை உட்சாலைகளைச் சீர்செய்யலாம் என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள்.

இரவு பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வரும் தொழிலாளிக்கு ரயில் இல்லை. வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல, மூன்று பிள்ளைகளை டியூஷனில் விட்டு அழைத்துவர, உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு போக, கார்தான் கைகொடுக்கிறது. கேமரன் மலை அடிவாரத்திலோ பகாங்கின் உள்ளேயோ இருக்கும் ஒரு தோட்டத்துக்கு ரயில் வரப்போவதும் இல்லை. ஆகவே கார் வைத்திருப்பவர்களைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

ஆனால் இந்த வாதங்கள் எல்லாம் ஒரே இடத்தைத்தான் சுட்டிக்காட்டுகின்றன. ரயில் பயன்படவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் தண்டவாளத்தில் இல்லை. நிலையம் எங்கே இருக்கிறது, எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி வருகிறது, வீட்டிலிருந்து நிலையத்துக்கு எப்படிப் போவது என்பவற்றில்தான் சிக்கல் இருக்கிறது.

இதற்குப் பத்துமலையே சாட்சி. 2010-இல் கொமுட்டர் ரயில் பத்துமலை வரை நீட்டிக்கப்பட்டது. தைப்பூசத்தின்போது கேடிஎம் இரவு பகலாக ரயில் ஓட்டுகிறது. பால்குடம் ஏந்துபவர்களும் கைக்குழந்தையோடு வருபவர்களும் காரை வீட்டில் விட்டுவிட்டு அதில் ஏறுகிறார்கள். வண்டி அடிக்கடி வரும், கோயிலுக்குப் பக்கத்திலேயே நிற்கும் என்ற உறுதி இருந்தால் போதும். சாதாரண நாளில் ஒரு கொமுட்டரைத் தவறவிட்டால், அடுத்ததற்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டிவருகிறது. அதே மக்கள் மறுநாள் மீண்டும் காரில் ஏறுவதற்குக் காரணம் அதுதான்.

ஐந்து நிலையங்களின் கதை

நிலையம் எங்கே என்பது எவ்வளவு முக்கியம் என்பதைக் கிள்ளான் வாசிகள் நன்கு அறிவார்கள். பண்டார் உத்தாமாவிலிருந்து ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் ஜொஹான் செத்தியா வரை சுமார் 37 கிலோமீட்டர் நீளமுள்ள எல்ஆர்டி3 பாதை, இந்தியர்கள் திரளாக வாழும் தாமான் செலாத்தான், ஸ்ரீ அண்டலாஸ், கிள்ளான் ஜெயா, பண்டார் புக்கிட் திங்கி ஆகிய பகுதிகளைத் தொடுகிறது.

2018-இல் ஆட்சி மாறியபோது, இத்திட்டத்தின் செலவு 3,165 கோடி ரிங்கிட்டிலிருந்து 1,663 கோடி ரிங்கிட்டாகக் குறைக்கப்பட்டது. நாட்டின் கடன் சுமையை நினைத்து எடுக்கப்பட்ட முடிவு அது. ஆனால் அந்தக் குறைப்பில் ஐந்து நிலையங்கள் கைவிடப்பட்டன. புக்கிட் ராஜாவும் பண்டார் பொட்டானிக்கும் அவற்றில் அடங்கும். ரயில் தலைக்கு மேல் ஓடும், ஆனால் அங்கே நிற்காது என்ற நிலை. பின்னர் 2024 வரவு செலவுத் திட்டத்தில் அந்த ஐந்து நிலையங்களையும் 470 கோடி ரிங்கிட் செலவில் மீண்டும் கட்டுவதாகப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார்.

முதலில் மிச்சம் பிடித்த இடத்தில் பிறகு திரும்பவும் செலவழிக்க வேண்டியதாயிற்று. ஒரு ரயில் பாதையின் பயன் அதன் நீளத்தைவிட அது நிற்கும் இடங்களைப் பொறுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

நிலையம் வரை போவது எப்படி?

தெற்கு நோக்கிய புதிய பாதையிலும் இதே கேள்வி காத்திருக்கிறது. சிகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் எல்லாம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்திருந்த ஊர்கள். இன்றும் சுற்றுவட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிகளும் கோயில்களும் தமிழ்க் குடும்பங்களும் உள்ளன. அங்கே புதிய நிலையக் கட்டடங்கள் எழுந்துள்ளன.

கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே விரையும் ஈடிஎஸ், நெடுந்தூரப் பயணிகளுக்கானது. எல்லா நிலையங்களிலும் நின்றால் அது விரைவு ரயிலாக இருக்க முடியாது. ஆனால் ரெங்கத்திலிருந்து தினமும் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போக நினைப்பவருக்குத் தேவைப்படுவது, காலையிலும் மாலையிலும் சிறு நிலையங்களில் நின்று போகும் வண்டி. இரட்டைத் தண்டவாளம் போட்டாயிற்று. அதில் உள்ளூர் ரயிலும் போதிய எண்ணிக்கையில் ஓடினால்தான் போட்ட முதலீட்டின் பலன் அந்த ஊர் மக்களைச் சேரும். ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நோர்த்தையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் ரயிலும் வந்துவிட்டால் அந்தத் தேவை இன்னும் கூடும்.

அடுத்தது, வீட்டுக்கும் நிலையத்துக்கும் இடையிலான அந்தக் கடைசி மூன்று, நான்கு கிலோமீட்டர். கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலையங்களிலிருந்து இணைப்புப் பேருந்துகள் ஓடுகின்றன. கைப்பேசிச் செயலியில் அழைத்தால் வரும் வேன் சேவையும் விரிவடைந்து வருகிறது. சிறு பட்டணங்களில் நிலைமை வேறு. பல இடங்களில் பயணிகள் குறைந்து பேருந்து நிறுவனங்கள் வழித்தடங்களைக் கைவிட்டன. நிலையத்துக்குப் போகவே கார் வேண்டும் என்றால், ரயிலின் பலன் ஏற்கெனவே கார் வைத்திருப்பவருக்கே போகும். வாகன நிறுத்துமிடத்தைப் பெரிதாகக் கட்டுவதைவிட, வண்டி வரும் நேரத்துக்குப் பொருந்தி வரும் ஒரு சிறிய பேருந்து பல குடும்பங்களுக்கு உதவும். செயலியைப் பயன்படுத்தத் தெரியாத முதியவர்களுக்குக் குறிப்பிட்ட நேரத்தில் வரும் பேருந்தே பாதுகாப்பானது.

கேட்க வேண்டிய இடம்

புதிய ரயில் திட்டங்கள் சட்டப்படி மூன்று மாதங்களுக்குப் பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. வரைபடத்தைப் பார்த்து, நிலையம் இங்கே வேண்டும், நடைபாலம் அங்கே வேண்டும் என்று எழுதிக் கொடுக்க அதுவே தருணம். கோயில் நிர்வாகங்கள், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், குடியிருப்பாளர் சங்கங்கள் அந்த வாய்ப்பைப் பயன்படுத்திக்கொள்ளலாம். தாமானில் எத்தனை பேர் எந்த நேரத்துக்கு எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்ற ஒரு பக்கக் கணக்கோடு ஊராட்சி மன்றத்தையும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்தையும் அணுகினால், பேருந்து வழித்தடக் கோரிக்கைக்கு வலுச் சேரும். நிலையம் கட்டி முடித்த பிறகு குறை சொல்வதைவிட அது பயன் தரும்.

காரா, ரயிலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது வசதி உள்ளவர்களுக்கான கேள்வி. ஒரு குடும்பம் இரண்டு வண்டிகளுக்குப் பதில் ஒன்றோடு சமாளிக்க முடிகிறதா, ஒரு இளைஞர் மோட்டார் சைக்கிள் இல்லாமலேயே தொழிற்சாலை ஷிப்டுக்குப் போய் வர முடிகிறதா, உரிமம் இல்லாத பாட்டி பிறர் தயவின்றி மருத்துவமனைக்குப் போக முடிகிறதா என்று பார்ப்பதே புதிய தண்டவாளங்களுக்கான உண்மையான சோதனை. ஜொகூர் பாரு வரை வந்துவிட்ட ரயில் அந்தச் சோதனையில் தேறுமா என்பதை இனி ஓடப்போகும் உள்ளூர் வண்டிகளும் நிலையத்து வாசலில் வந்து நிற்கும் பேருந்துகளும்தான் முடிவு செய்யும்.