யார் அந்நியன்?



புதிய ஏற்பாட்டில் வரும் 'பார்பரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு முதலில் 'காட்டுமிராண்டி' என்ற பொருள் இல்லை. வேற்றுமொழிப் பேச்சு கிரேக்கர் காதில் 'பர் பர்' என்று விழுந்ததால் வந்த பெயர் அது. இழிவு பிறகு ஏறியது. 1 கொரிந்தியர் 14:11இல் பவுல் அதை இரு பக்கமும் திருப்புகிறார்: மொழி புரியாதபோது நீ எனக்கு அந்நியன், நானும் உனக்கு அந்நியன். அப்போஸ்தலர் 28:2இல், கப்பல் உடைந்து வந்தோருக்குக் குளிரில் தீ மூட்டிக் காத்த மெலித்தா தீவாருக்கும் அதே பெயர்தான்.

கேமரன் மலைக் காட்டைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளான நம்மை இன்றும் 'பெண்டாத்தாங்' என்கிறார்கள். அதைப் பொறுக்காமல்தான் 25.11.2007இல் கோலாலம்பூரில் திரண்டோம். சரி, இன்று பிரிஞ்சாங்கில் நம்மோடு கொழுந்து பறிக்கும் வங்காளதேசத் தொழிலாளியை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம்? நமக்கு முன்பே இம்மலையில் வாழும் செமாய் மக்களை?

நமக்கு வலித்த சொல்லை அடுத்தவருக்குச் சூட்டாதீர்கள். உரிமைக்குரல் நம் நாவிலிருந்தே தொடங்கட்டும்.