காவல் நம் தலையில். குண்டு தில்லியின் கையில்!

எய்து பழகாதவன் கையில் வில்லைக் கொடுத்துக் கோட்டையைக் காவென்பது அறிவுடைமை ஆகுமா? காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளது; துமுக்கியும் (துப்பாக்கியும்) குண்டுமோ நடுவணரசின் பட்டியலில் உள்ளன. துமுக்கி வடிக்கும் தொழிற்சாலை நம் திருச்சிராப்பள்ளியில். அதன்மேல் உரிமை தில்லிக்கு! குண்டிற்கு விலை கொடுப்பது மாநிலம். செலவைச் சுருக்க நேர்ந்தால் பயிற்சிக் குண்டும் வெட்டுண்ணக்கூடும்.

விளைவு யாது? 2008 நவம்பர் 26 இரவு, மும்பைத் தொடர்வண்டி நிலையத்தில் கொலைஞர் இருவர் 50-க்கும் மேற்பட்டோரைச் சுட்டு வீழ்த்தினர். எதிர்நின்ற காவலர் பலர் கையில் தடியும் பழைய .303 துமுக்கியுமே இருந்தன. பின்னர் ஆய்ந்த பிரதான் குழு, பயிற்சிக்குக் குண்டில்லாக் குறையையும் எடுத்துக்காட்டிற்று.

“தூத்துக்குடியில் 2018-இல் 13 பேரைச் சுட்டுக் கொன்றவர்க்கா இன்னும் குண்டு?” எனச் சிலர் சினப்பர். அச்சினம் முறையானதே. ஆயின், அங்குத் தவறியது குறியன்று, நெறி! சுடுதலொடு சுடாமையையும் கற்பிப்பதே உண்மைப் பயிற்சி.

நடுவணரசே! பயிற்சிக் குண்டை அடக்கவிலைக்குக் கொடு. அன்றேல், அதனைச் செய்யும் உரிமையை மாநிலத்திற்கு விடு! தமிழக ஆட்சியாளரே! இதனைக் கேட்கவும் நாவில்லையா?