கம்பைலருக்கு எதுக்குய்யா ஃப்ரீ-ங்கறவங்களுக்கு...

"கம்பைலர்ங்கறது நாலு செகண்ட் ஓடிட்டு செத்துப்போற புரோகிராம். அதுல மெமரிய திருப்பிக் குடுக்கறதெல்லாம் வெட்டி வேலை, ஓஎஸ் பாத்துக்கும்." பொட்டி தட்டற நண்பர்கள் வாயில இந்தப் பேச்சை அடிக்கடி கேக்கறேன். சொல்றவங்க மேசையில 32 ஜிபி ராம் இருக்கும். வெள்ளகோவில்ல உக்காந்து நான் சொல்றேன்: பாதி சரி, பாதி கப்சா.

சரியான பாதியை முதல்ல குடுத்துடறேன். நாம க்ளாங் கம்பைலரைக் கூப்பிட்டா, அது உள்ளுக்குள்ள 'டிசேபிள்-ஃப்ரீ'ன்னு ஒரு ஆப்ஷனை தானே சேத்துக்கும். கிளம்பறப்ப ஒவ்வொண்ணா தேடித்தேடி ஃப்ரீ பண்ணாதே, போட்டது போட்டபடி போன்னு அர்த்தம். புரோசஸ் முடிஞ்சதும் ஓஎஸ் மொத்தமா வாரிக்கும். ரொம்ப சரி. தறிக்குடோனையே நாளைக்கு இடிக்கப்போறோம்னா இன்னிக்கு ராத்திரி யாரும் கூட்ட மாட்டாங்க.

ஆனா தறி ஓடிக்கிட்டிருக்குங்க! நடுப்பகல்ல காலி தார்க்குச்சியெல்லாம் காலுக்கடியில குவிச்சு வெச்சுட்டு, "எப்படியும் இடிக்கத்தானே போறோம்"னா ஓனர் சும்மா விடுவாரா? கடைசி நிமிஷத்துல ஃப்ரீ பண்றது வேற, வேலை நடக்கறப்பவே ஃப்ரீ பண்றது வேற. முன்னதுக்கு சொன்ன நியாயத்தை பின்னதுக்கு ஒட்டறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு கடுப்பு.

டி மொழியோட டிஎம்டி கம்பைலரை எடுத்துக்குங்க. மெமரி கேட்டு வாங்கறதோட சரி, திருப்பிக் குடுக்கறதே இல்லைன்னு அதை எழுதின வால்டர் பிரைட்டே 2013ல் வெளிப்படையா எழுதினார். வேகத்துக்காகத்தான், வேகமும் கிடைச்சுது. ஆனா அந்த மொழியில கம்பைல் பண்றப்பவே ஃபங்ஷனை ஓட்டிப் பாக்கற வசதி உண்டு. அதுல ஒரு பெரிய லூப் சுத்தினா குப்பை மலையா ஏறும். கடைசியில 2019ல் 'லோமெம்'னு ஆப்ஷன் போட்டு குப்பை பொறுக்கியை உள்ள விட்டாங்க. வெட்டி வேலைன்னா எதுக்கு சாமி அந்த ஆப்ஷன்?

ஜிசிசி இந்த விஷயத்துல கொஞ்சம் பொறுப்பான ஆள். 2001ல் வந்த 3.0லேயே அதுக்குள்ள குப்பை பொறுக்கி உண்டு. உங்க மெஷின்ல எவ்வளவு ராம்னு பாத்து, எப்போ கூட்டணும்னு முடிவு பண்ணும். 1 ஜிபிக்கு மேல இருந்தா 128 எம்பி சேர்ற வரைக்கும் துடைப்பத்தையே தொடாது. அப்புறம் மிச்சம் இருக்கறது போல ரெண்டு மடங்காகணும், அப்பதான் அடுத்த ரவுண்டு. கூத்து என்னன்னா, 'மேக்'ல நாலு வேலையை ஒண்ணா ஓட விட்டா நாலு புரோசஸும் மொத்த ராமும் எனக்கேன்னு தனித்தனியா கணக்குப் போடும். ஒரே வீட்டை நாலு பேருக்கு வாடகைக்கு விட்ட கதை.

2011ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி குடுக்க ஆரம்பிச்சுது. முதல்ல வந்த மெஷின்கள்ல 2 ஜிபி ராம். எங்க வீட்ல ஒண்ணு இன்னும் மூச்சு விட்டுக்கிட்டிருக்கு. ஒரு பெரிய சி பிளஸ் பிளஸ் ஃபைலைக் குடுத்தா ஹார்ட் டிஸ்க் கரகரன்னு ஸ்வாப் அடிச்சு, அப்புறம் "கில்டு"ன்னு ஒரே வார்த்தை. தறிக்குப் போயிட்டே நிரல் எழுதக் கத்துக்கற பையன் என்ன நினைப்பான்? தன் கோடுலதான் தப்புன்னு நினைச்சு ராத்திரி பூரா தேடுவான்.

ஒவ்வொரு முனையையும் தேடிப்போய் ஃப்ரீ பண்ணுன்னு நான் கேக்கலை. அது நெஜமாவே மெதுவான வேலைதான். ஒரு கட்டத்துக்கு ஒரு பெரிய பாத்திரம்னு வெச்சு, அந்தக் கட்டம் முடிஞ்சதும் பாத்திரத்தோட கொட்டு, அவ்வளவுதான். ஒரே அடி, நேரமும் ஆகாது. அடுத்தது இந்த வெக்டர்கள். நிறைஞ்சா ரெண்டு மடங்கா வளர்ற வெக்டர்ல பத்து லட்சத்துக்கு மேல ஒரே ஒரு பேர் வந்தாலும் இருபது லட்சத்துக்கு இடம் புடிச்சு உக்காந்திருக்கும். இனி வளராதுன்னு தெரிஞ்சப்புறமாவது சுருக்கலாமே? (சுருக்கறப்ப நகலெடுக்க கொஞ்ச நேரம் கூடுதல் மெமரி வேணும்தான். அதனால பெருசா மிச்சமாகற எடத்துல மட்டும் செஞ்சா போதும்.)

அதோட "செத்துப்போற புரோகிராம்"ங்கறதே பழைய கதை. எடிட்டருக்குள்ள உக்காந்திருக்கற க்ளாங்டி காலையில திறந்தா சாயங்காலம் வரைக்கும் சாகாது. ஃப்ரீ பண்ணின மெமரியும் மேலாக்கிட்டயே தங்கிடுதுன்னு, அதை ஓஎஸ்சுக்குத் தள்ள அப்பப்போ 'மேலாக் ட்ரிம்' பண்ணுது அது.

"ராம் வாங்கிப் போட வேண்டியதுதானே"ன்னு ஒரு பின்னூட்டம் வரும்னு தெரியும். போடறவங்க ராமையும் சேத்து அனுப்பிடுங்க, வெள்ளகோவிலுக்கு கூரியர் வருது :-)