கீறலுக்குப் பூச்சு மருந்தாகாது

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களில் பெயர் கீறும் பழக்கம் நெடுங்காலமாகத் தொடர்கிறது. கை எட்டும் உயரம் வரை காதலர் பெயர்கள், ஊர்ப்பெயர்கள், தேதிகள். அதற்கு மேல் மாசில்லாத வெண்மை. 1636-இல் எழுந்த இந்த அரண்மனையின் பெருந்தூண்கள் செங்கல்லின் மீது சுண்ணாம்புச் சுதை பூசப்பட்டவை. அதைக் கீற உளி வேண்டாம், வண்டிச் சாவி போதும்.

இதற்குத் தீர்வாகக் கிறுக்கல் தடுப்புப் பூச்சுகளை இப்போது பலரும் பரிந்துரைக்கின்றனர். அவை பெரும்பாலும் இரு வகை. மெழுகு போன்ற பொருளால் ஆன முதல் வகை, வெந்நீர் பாய்ச்சிக் கழுவும்போது கிறுக்கலோடு தானும் கரைந்துவிடும், மீண்டும் பூசவேண்டும். பாலியூரித்தேன் முதலியவற்றால் ஆன இரண்டாவது வகை நிலைத்து நிற்கும். அதன்மேல் வண்ணம் எளிதில் ஒட்டாது. மேம்பாலத் தூண்களுக்கும் மெட்ரோ நிலையங்களுக்கும் இது பொருத்தமே.

பழைய சுண்ணாம்புச் சுவரின் இயல்பு வேறு. நிலத்திலிருந்து ஏறும் ஓதம் அதன் மேற்பரப்பு வழியாகவே ஆவியாகி வெளியேறுகிறது. அங்கே ஞெகிழிப் படலம் ஒன்றைப் போர்த்தினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் சுதை பொரிந்து, பூச்சோடு சேர்ந்தே உதிரும். சாவியால் கீறுபவனையோ எந்தப் பூச்சும் தடுக்காது. வண்ணத்தால் எழுதுவதற்கான மருந்தைக் கீறலுக்குப் போடுவதில் பொருளில்லை.

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளில் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய தமிழி எழுத்துகள் உள்ள குகைத்தளங்களில் இக்காலத்தவர் பெயிண்டால் தம் பெயரை எழுதிச் செல்கின்றனர். அதை மணல் வீச்சால் அகற்ற முனைந்தால் பாறையின் மேல்தோலோடு கல்வெட்டும் தேய்ந்துபோகும். கரைப்பானைக் களிம்பாகப் பற்றுப்போட்டு, பயிற்சி பெற்ற கைகள் அங்குலம் அங்குலமாக எடுக்கவேண்டிய வேலை அது. ‘அக்காலத்தவரும் பாறையில் எழுதினார்கள்தானே’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் எழுதியது துறவியருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்த கொடைச் செய்தி.

சட்டம் கடுமையாகவே இருக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சிதைத்தால் ஈராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-இல் திருத்தினார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழகச் சட்டமோ 1959-இலேயே வந்துவிட்டது. அதன் பிறகும் நம் ஊர்ச் சுவர்களைத் தேர்தல்தோறும் கட்சிகள் முன்பதிவு செய்துகொள்கின்றன. அதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குச் சுவர் என்றாலே எழுதும் இடம் என்றுதானே தோன்றும்!

தண்டனையின் அளவைவிடத் துடைக்கும் வேகமே பயன் தரும் என்பது என் கருத்து. நியூயார்க் சுரங்க ரயில் நிர்வாகம் 1984-இல் இந்த வழியைத்தான் தொடங்கியது. தூய்மை செய்யப்பட்ட பெட்டியில் மீண்டும் எழுதினால், அழிக்கும்வரை அது ஓடாது. தம் எழுத்தை ஊர் பார்க்காது என்றானபின் எழுதியவர்களுக்குச் சுவை குன்றியது. 1989 மே மாதம் எல்லாப் பெட்டிகளும் தூய்மையாயின.

எஃகுப் பெட்டியைப் போலச் சுதைத் தூணைத் துடைத்துவிட முடியாது என்பது உண்மை. அதனால்தான் மகால் போன்ற இடங்களில் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார் ஒருவரேனும் நிரந்தரப் பணியில் இருக்கவேண்டும் என்கிறேன். இன்று விழுந்த கீறலை இந்த வாரமே அதே சுதையால் அடைத்துவிடலாம். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடிகளில் சீரமைப்பதைவிட இதற்கு ஆகும் செலவு சிறிது. தொல்லியல் துறை அடுத்த பராமரிப்பு ஒப்பந்தப்புள்ளியைக் கோரும்போது, சுவர் சிமென்டா சுண்ணாம்பா, அழிக்கவேண்டியது வண்ணமா கீறலா என்பதைத் தனித்தனியே குறிப்பிட்டுக் கேட்கட்டும்.