தோலில் தெரிவது வயதா, வெயிலா?

ஒத்தக்கடையில் மேலூர் சாலையோரம் கொய்யாவும் வெள்ளரிப்பிஞ்சும் கூறுகட்டி விற்கும் பெண்ணின் வயதை யாரைக் கேட்டாலும் பத்து கூட்டித்தான் சொல்வார்கள். அதே சாலையில் காரில் உயர்நீதிமன்றக் கிளைக்குப் போகிறவருக்குக் குறைத்துச் சொல்வார்கள். இருவரும் ஒரே ஆண்டில் பிறந்தவர்களாக இருக்கலாம். தோல் தளர்வதை நாம் வயதின் கணக்கில் எழுதிவிட்டு, மிச்சத்தை அழகு நிலையத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். அதில் பெரும்பங்கு வேலைசெய்யும் இடத்தின் கணக்கில் சேர வேண்டியது என்பது என் கட்சி. நம்பாதவர்கள் வெயிலில் உழைத்த ஒருவரின் புறங்கையையும், மேற்கையில் அக்குளை ஒட்டிய உட்புறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உட்புறத் தோல் மெலிந்து லேசாகத் தொய்ந்திருக்கும், அவ்வளவுதான். புறங்கையிலும் பிடரியிலும் தோல் தடித்து, கருத்து, கட்டம் கட்டமாக வரி விழுந்திருக்கும். ஒரே உடம்பு, ஒரே வயது, ஒரே பரம்பரை. வேறுபாடு சட்டைக்கு உள்ளேயா வெளியேயா என்பதில்தான்.

வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. மேல்தோலுக்குக் கீழே இருக்கும் அடித்தோலின் உலர் எடையில் முக்கால் பங்கு கொலாஜன் என்ற புரத இழை. தோலின் உறுதி அதனால் வருகிறது. இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பச் செய்வது எலாஸ்டின், அளவில் சொற்பம். கொலாஜனை உடல் வாழ்நாள் முழுக்க நெய்துகொண்டே இருக்கிறது, ஆனால் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. எலாஸ்டின் நிலைமை இன்னும் மோசம். கருவிலும் சிறுவயதிலும் உருவானதுதான் பெரும்பாலும் கடைசிவரை. சிதைந்தால் சரியாகத் திரும்பக் கிடைப்பதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜன் சுமார் 30 சதவீதம் குறைகிறது. நாற்பதுகளின் கடைசியில் இருக்கும் வயல்கூலிப் பெண் அப்போதும் நடவுக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார்.

இந்த இயல்பான தேய்மானத்தின்மேல் வெயில் வந்து உட்காருகிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கேரி ஃபிஷர், ஜான் வூரீஸ் ஆகியோரின் குழு 1996-இல் காட்டியது இது: தோல் சிவக்கக்கூடப் போதாத அளவு புறஊதாக் கதிர் பட்டாலே கொலாஜனை வெட்டும் நொதிகள் கிளம்பிவிடுகின்றன. அதாவது ‘சுடவில்லையே’ என்று நாம் நினைக்கும் வெயிலும் வேலையைக் காட்டுகிறது. 28 ஆண்டு லாரி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படம் 2012-இல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்தது. ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் தடித்துத் தொங்கியிருந்தது. நம்மூர் ஓட்டுநர்களுக்கு அது வலது கன்னமாக இருக்கும். மதுரையில் சூரியன் சித்திரைப் பிறப்பை ஒட்டி ஒருமுறையும் ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறையும் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் சாய்வதில்லை.

கறுத்த தோலுக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். பாதி உண்மை. மெலனின் கதிரின் பெரும்பகுதியைத் தடுக்கிறது. வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் பல ஆண்டு தள்ளித்தான் வருகிறது. ஆனால் கருநிறத் தோலிலும், அடித்தோல்வரை இறங்கும் நீண்ட அலைக் கதிரில் ஒரு பங்கு உள்ளே போகவே செய்கிறது. தினம் ஏழெட்டு மணி நேரம், முப்பது நாற்பது ஆண்டு என்று பெருக்கினால் அந்தப் பங்கு சின்னதில்லை. வைட்டமின் டி-க்கு வெயில் வேண்டாமா என்ற கேள்வி அலுவலக அறையில் இருப்பவர்கள் கேட்க வேண்டியது.

சுருக்கம் வெறும் அழகுப் பிரச்சினை, ஏழைக்கு எதற்கு அந்தக் கவலை என்பது இன்னொரு வாதம். மெலிந்து தளர்ந்த தோல் சின்ன உரசலுக்கே கிழிகிறது, புண் ஆற நாளாகிறது. படுக்கையில் விழுந்த முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கு இது தெரியும். அதே கதிர்தான் கண்புரைக்கும் ஒரு காரணம். அழகுப் பிரச்சினை என்று ஒதுக்கியதால்தான் தீர்வும் டப்பாவுக்குள் போய்விட்டது. பூசும் களிம்பில் இருக்கும் கொலாஜன் மூலக்கூறு தோலுக்குள் நுழைய முடியாத அளவு பெரிது. வெயில்தடுப்புக் களிம்பு நிஜமாகவே வேலை செய்யும். ஆஸ்திரேலியாவின் நாம்பூரில் நாலரை ஆண்டு தினமும் பூசியவர்களுக்குத் தோல் முதுமை மற்றவர்களைவிட 24 சதவீதம் குறைவு என்று 2013-இல் தெரிந்தது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை பூச வேண்டிய அதை, வியர்வை வழியச் சித்தாள் வேலை செய்பவரிடம் நீட்டுவது பரிகாசம்.

விழிப்புணர்வு இல்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. களையெடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறார்கள். தங்களால் முடிந்ததைச் செய்துவிட்டார்கள். பாக்கி இருப்பது வேலை நேரமும் நிழலும். கடையில் நிற்பவர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்திய மாநிலம் இது. 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்தது. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டமே பணியிடத்தில் நிழல் வேண்டும் என்று எழுதி வைத்தது. செலவாகும், வேலை கெடும் என்பார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றுக்கு நிறுத்தி, மூன்றரைக்குமேல் மீண்டும் ஏறினால் மணிக்கணக்கு குறையாது. இடைவேளையில் உட்காரத் தார்ப்பாய்ப் பந்தல் ஒன்று போதும். நெடுஞ்சாலைக்கு வெட்டிய மரங்களுக்குப் பதிலாக, தரைக்கடை போடும் ஓரங்களில் வேம்பும் புங்கமும் வைத்து வளர்ப்பது ஊராட்சியின் கைக்கு எட்டாத காரியமா என்ன?