கூர் பார்க்காத நம்பிக்கை

வயது வந்த இருவர் மனமொத்துக் கூடும் நேரத்தில் கத்தியை ஒரு விளையாட்டாக நடுவில் கொண்டுவருவதுண்டு. வெட்டுவதற்காக அல்ல. இரும்பின் குளிர்ச்சியும் அந்த நேரத்துப் படபடப்பும்தான் அவர்களுக்கு வேண்டியவை. இதை வக்கிரம் என்று நான் பழிக்க வரவில்லை. ஆனால் “நம்பிக்கை இருக்கு, பிறகு என்ன பயம்? பேசி வச்சுச் செய்யிறதுக்கு நாங்க என்ன அந்நியமா?” என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன்.

ராகலைத் தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக்காரரின் மகளாக வளர்ந்தவள் நான். காலையில் அப்பா கத்தியைத் தீட்டியதும் கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்காக மெல்ல வைத்துப் பார்ப்பார். கூரின் நீளத்துக்கு ஒருநாளும் விரலை ஓட்டமாட்டார். மலையில் பக்கத்து நிரையில் வெட்டியவர் அவருடைய இருபது வருசக் கூட்டாளி. இருந்தும் அப்பா அவருடைய வீச்சுக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்பார். கேட்டால், “அவன நம்பாம இல்ல. கை வழுக்குனா கத்திக்கு யாருன்னு தெரியாது” என்பார்.

அன்பான கையும் வழுக்கும். ஒரு தும்மல் போதும், ஒரு திடுக்கிடல் போதும். கழுத்து, மணிக்கட்டு, தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பெரிய இரத்தக்குழாய்கள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அங்கே கத்தியைக் கொண்டுபோகவே கூடாது. மற்ற இடத்திலும் மழுங்கிய கத்தி, நல்ல வெளிச்சம், குடிக்காத இருவர் என்பதில் விட்டுக்கொடுப்பு வேண்டாம். துருப்பிடித்த கத்தியில் ஏற்புவலிக் கிருமி இருக்கலாம். இன்னொருவர் இரத்தம் பட்ட கத்தியால் மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றலாம். இரத்தம் பீறிட்டால் துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நடுச்சாமத்தில் தோட்டத்தில் வாகனம் பிடித்து, கந்தப்பளை வளைவுகளைக் கடந்து நுவரெலியா போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று ராகலைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

“வேணாம்னா சொல்லியிருப்பாளே” என்பார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற பழைய பேச்சுதான் இது. லயத்துக் காம்பராவில் ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் படுத்திருக்கிறது. சத்தத்தை விழுங்கிப் பழகியவள் எங்கள் பெண். அவளுடைய மௌனத்துக்கு வெட்கம், பயம், களைப்பு என்று ஆயிரம் காரணம் இருக்கும். அதனால் நிறுத்தச் சொல்லும் சொல்லை முன்பே பேசி வைக்க வேண்டும். வாய் வராவிட்டால் கையிலிருக்கும் சாவிக்கொத்தைக் கீழே போட்டாலும் அதே அர்த்தம். அடிக்கிற புருசனிடம் சொன்ன ‘சரி’யை நான் சம்மதக் கணக்கில் சேர்க்கமாட்டேன்.

சட்டமும் இதை யோசித்திருக்கிறது. 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 87ஆம் பிரிவு, பொழுதுபோக்குக்காக வாள் வீச ஒத்துக்கொண்ட இருவரையே உதாரணமாகக் காட்டியது: நேர்மையாக விளையாடியபோது பட்ட காயம் குற்றமில்லை. கொடுங்காயத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. பயத்தில் தந்த சம்மதமும், என்னவென்றே புரியாத போதையில் தந்ததும் சம்மதமே அல்ல என்றது 90ஆம் பிரிவு. இலங்கையின் 1883 சட்டம் அந்த அச்சில் வார்த்ததுதான். அதே சட்டம் 1995இல் திருத்தப்பட்டபோதும், நீதிமன்றத்தால் பிரித்துவைக்கப்படாத மனைவியைக் கணவன் வற்புறுத்துவதை வல்லுறவாக ஏற்கவில்லை. அவளுக்கு அது அநியாயம். சட்டமே கைவிட்ட இடத்தில், அவள் ‘வேணாம்’ என்றதும் நின்றுவிடும் கணவனைத் தவிர அவளுக்கு வேறு காவல் என்ன இருக்கிறது?

இருவருக்கும் இஷ்டமென்றால் நீதிமன்றம் எட்டிப்பார்க்காது என்பதும் தப்பு. இங்கிலாந்தில் பிரவுன் வழக்கில் யாரும் புகார் கொடுக்கவில்லை, எல்லாரும் பாலின்பத்துக்காகக் காயப்படுத்தச் சம்மதித்த ஆண்கள். ஆனாலும் 1993இல் பிரபுக்கள் சபை 3க்கு 2 என்ற கணக்கில் தண்டனையை உறுதிசெய்தது. மூன்று வருசம் கழித்து வில்சன் வழக்கு. மனைவி கேட்டதால் சூடான கத்தியால் தன் பெயரின் முதலெழுத்துகளை அவள் உடம்பில் பொறித்த கணவனை மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. பச்சை குத்துவதுபோலத்தான் இதுவும் என்றது. 2021 குடும்ப வன்முறைச் சட்டம் பிறகு தெளிவாக எழுதிவைத்தது: பாலின்பத்துக்காகக் கடுமையான காயத்துக்குச் சம்மதித்தார் என்று வாதாட முடியாது.

வில்சன் வழக்கு ஒரு மருத்துவர் கண்ணில் தழும்பு பட்டதால்தான் வெளியே வந்தது. அதைக் கேட்டுப் பயந்து காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். ஆழமாக வெட்டியிருந்தால் அன்றைக்கே போய், எந்தக் கத்தி, எப்போது பட்டது என்பதை உள்ளபடி சொல்லித் தையல் போட்டு, ஏற்பு ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.